ஒரு பிடி கரிசல்

விளாத்திகுளத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய அன்று, அப்பா என் கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சைத் திணித்தார். உள்ளே ஒரு பிடி கரிசல் மண். "வச்சுக்கோ தாயி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கொடுத்த அட்டையில் 'மண் கொண்டுவருகிறீர்களா?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'ஆம்' என்று டிக் அடித்தேன். வெளிநாட்டு மண்ணில் விதையும் நோய்க்கிருமியும் இருக்கலாம் என்று விளக்கி, அதிகாரி முடிச்சை வாங்கி வைத்துக்கொண்டார். மறைக்காமல் சொன்னதால் அபராதம் இல்லை. வத்தல் பொடி தப்பித்தது, மண் தப்பவில்லை. இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

கணவருக்கு டவுன்ஸ்வில் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலை. அவருக்கு ஷிப்ட், மகளுக்கு ஸ்கூல். கார் ஓட்டத் தெரியாமல் இங்கே காலம் தள்ள முடியாது என்பது ஒரே மாதத்தில் புரிந்தது. முதல் டிரைவிங் டெஸ்டில் ஃபெயில். ஸ்டாப் போர்டு இருந்த இடத்தில், ஊர்ப் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தேனே தவிர, சக்கரத்தை முழுசாக நிறுத்தவில்லை. யாருமே வராத தெருவாக இருந்தாலும் நிற்கத்தான் வேண்டுமாம். இரண்டாவது முறை நின்றேன், பாஸானேன்.

இதற்கிடையில் ஊரிலிருந்து ஒரு சேதி. சோலார் போடுகிறவர்கள் எங்கள் காட்டை விலைக்குக் கேட்கிறார்கள். அம்மா போன பிறகு அப்பா தனியாள். "இனி யாரு பாக்கப் போறா? வித்துருவமா? நீ சொல்லு தாயி" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். "யோசிச்சுச் சொல்றேன்பா" என்று நானும் ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டேன். வில் என்று சொல்லவும் மனசில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை. ரிச்மண்டில் இருக்கும் டைனோசர் காலத்துக் கடல் விலங்கு மியூசியத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் மகள். 10 கோடி வருஷத்துக்கு முன்னால் அந்த வறண்ட ஊர் கடலாக இருந்ததாம். டவுன்ஸ்வில்லிலிருந்து மேற்கே ஃபிளிண்டர்ஸ் நெடுஞ்சாலையில் சுமார் 500 கிலோமீட்டர். கட்டுச்சோறாகப் புளியோதரை, 20 லிட்டர் தண்ணீர், செகண்ட் ஹேண்ட் கார். கிளம்பிவிட்டோம்.

உடன் வேலை பார்ப்பவர்கள் கணவரிடம் மூன்று விஷயம் சொல்லியிருந்தார்கள். டேங்க் பாதி காலியானதும் அடுத்த பங்க்கில் நிரப்பிவிட வேண்டும். பொழுது சாய்ந்த பின் ஓட்டக் கூடாது, கங்காருக்கள் குறுக்கே பாயும். மூன்றாவது, 'ரோடு டிரெய்ன்' எனப்படும் தொடர் லாரி. ஒன்று 53 மீட்டர் வரை நீளம் இருக்கும். முந்த வேண்டுமென்றால் எதிரே வெகுதூரத்துக்குச் சாலை காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பேசாமல் பின்னால் போக வேண்டியதுதான். போனோம்.

பழைய தங்கச் சுரங்க ஊரான சார்ட்டர்ஸ் டவர்ஸில் காபி. ஹியூஎண்டனில் ஃபிளிண்டர்ஸ் ஆற்றைப் பார்த்தோம். குயின்ஸ்லாந்திலேயே நீளமான ஆறு அதுதான். ஆனால் நாங்கள் பார்த்ததோ வெறும் மணல். "நம்ம வைப்பாறு மாதிரியே இருக்குல்ல!" என்றார் கணவர்.

ஹியூஎண்டனைத் தாண்டியதும் மலை மறைந்து, கண்ணுக்கெட்டிய வரை ஒரே சமவெளி. ஓரிடத்தில் கால் நீட்ட இறங்கினேன். குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

கருத்த மண். பாளம் பாளமாக வெடிப்பு. கை நுழையும் அளவுக்கு அகலம்.

மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும் களிமண் பூமி அது. நம் கரிசலும் அதே வகைதான். மகள் வேலி ஓரத்து முள்மரம் ஒன்றைக் காட்டினாள். மணி கோத்ததுபோல் நெற்றுகள் தொங்கின. சந்தேகமே இல்லை, நம் நாட்டுக் கருவேலம்! நெற்றைப் பறிக்கப் போனவளைத் தடுத்துவிட்டேன். முடிச்சு போன அனுபவம்தான்.

ரிச்மண்ட் பங்க்கில் இருந்த பெண்மணியிடம் அந்த மரத்தைப் பற்றிக் கேட்டேன். முகம் சுளித்தார். "அதுவா? எங்களுக்குப் பெரிய தலைவலி" என்றார். 1890களில் நிழலுக்கும் தீவனத்துக்கும் நம் பக்கத்திலிருந்து கொண்டுவந்து வளர்த்தார்களாம். மாடு நெற்றைத் தின்று, சாணியில் விதையைப் பரப்பி, இன்று 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவிக்கிடக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் பூச்சிகளைத் தேடி, குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் கோவை வன மரபியல் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டிலேயே அலைந்திருக்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்று மாலை அறையிலிருந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே மதிய நேரம். எடுத்து வைத்திருந்த படங்களை அனுப்பினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"வெடிப்பு ஒரு சாண் இருக்குமா?"

"இருக்கும்பா."

"அப்ப நல்ல கரிசல். ஒரு மழை விழுந்தா போதும்."

மரக் கதையைச் சொன்னேன். சீமைக்கருவேலத்தை ஆயுசு முழுக்கத் திட்டியவர் அவர். விழுந்து விழுந்து சிரித்தார். "இங்க அதுக்கு வசவு, அங்க இதுக்கு வசவா? மரம் என்ன செய்யும் தாயி, அதுவா நடந்து வந்துச்சு? கொண்டுபோய் வச்ச மனுசன்லா யோசிச்சிருக்கணும்."

அப்போதுதான் மண் முடிச்சு பறிபோனதைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "அதனால என்ன, அங்கயும்தான் கெடக்கே" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு பிடி மண்ணை இழந்ததற்கே ஒரு வருஷமாக மருகுகிறவள், மொத்தக் காட்டையும் விற்கச் சொல்லிவிட்டு எப்படித் தூங்குவேன்? "விக்க வேண்டாம்பா. இந்த வருஷம் யாருக்காச்சும் வாரத்துக்கு விடுங்க. அடுத்த புரட்டாசி விதைப்புக்கு நாங்க மூணு பேரும் அங்க நிப்போம்" என்றேன்.

"வரும்போது மண்ணு கொண்டாந்துராத, இங்கயும் பிடிச்சு வச்சுக்கிடுவாக" என்றார்.

இப்போது காட்டில் உளுந்து நிற்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். காடு எங்கள் கையில் எத்தனை வருஷம் இருக்குமோ, அந்தக் கவலை தீரவில்லை. ஆனால் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை கேள்வி மாறிவிட்டது. "வித்துருவமா?" என்று அவர் கேட்பதில்லை.

"ரிச்மண்டுல மழை உண்டுமா தாயி?" என்றுதான் கேட்கிறார். நாங்கள் இருப்பது அங்கிருந்து 500 கிலோமீட்டர் தள்ளி. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் மொபைலில் பார்த்துச் சொல்கிறேன்.