ஆனைக்கு எந்தத் தோட்டா?



தரம் 10 பிள்ளை ஒருவன் கேட்டான்: "சேர், ஆனையை விழுத்த எவ்வளவு பெரிய தோட்டா வேணும்?" கைபேசி விளையாட்டில் பிறந்த கேள்விதான். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் நமது வடமாகாணத்திலேயே இது தொழிற்கேள்வி. பயிரை அழிக்கிறது என்று ஆனைத் தலைக்குச் சில சிலிங் வீதம் அரசாங்கம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருசத்துக்குள், மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 ஆனைகளுக்குக் காசு கொடுபட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். மேஜர் ரொஜர்ஸ் தனி ஆளாக 1,400க்கு மேல் சுட்டாராம். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார்.

அன்றைக்குக் கரிமருந்துதான். வேகம் போதாது, அதனால் பாரத்தைக் கூட்டினார்கள். நுவரெலியாவில் இருந்த சாமுவேல் பேக்கரின் பெரிய துவக்கு 21 இறாத்தல். சன்னம் 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். ஒரு வெடிக்கு 28 கிராம் மருந்து. சுட்டவரின் தோள் என்ன பாடுபட்டிருக்கும்! வெறும் ஈயம் எலும்பில் பட்டுச் சப்பளிந்துவிடும் என்று வெள்ளீயம் கலந்து உறுதியாக்குவதும் உண்டு.

புகையில்லா மருந்து வந்ததும் கணக்கு மாறியது. 1898இல் ரிக்பி கம்பனியின் 450 தோட்டாவில் சன்னம் 31 கிராம்தான், வேகமோ வினாடிக்கு 650 மீற்றர். மானுக்கு விரிகிற மென்முனைச் சன்னம் போதும். ஆனைக்கு முழுக்க உலோக உறை போட்டது வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போகாது.

ஆபிரிக்காவில் 'கரமோஜோ' பெல் 1,000 ஆனைகளுக்கு மேல் சுட்டார், பெரும்பாலும் 7 மில்லிமீற்றர் துவக்கால். சன்னம் வெறும் 11 கிராம். ஆனையின் மண்டையை வாளால் அறுத்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர் அவர். அந்தப் பெரிய நெற்றிக்குள் இருப்பது பெரும்பாலும் தேன்வதை மாதிரி காற்றறை எலும்பு. மூளை பின்னால், தாழ்வாக இருக்கிறது. பெரிய சன்னம் குறி கொஞ்சம் பிசகினாலும் ஆனையைத் தடுமாற வைக்கும், அடுத்த வெடிக்கு நேரம் தரும். அதன் நியாயம் அவ்வளவுதான்.

அறுக்கும் பிராணியை வதைக்காமல் கத்தியைத் தீட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அதனால்தான் வன்னியில் இன்று நடப்பது எனக்கு உறுத்துகிறது. சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. ஆனாலும் இடியனாலும் கட்டுத்துவக்காலும் ஈய உருண்டையும் இரும்புத்துண்டும் பாய்கின்றன. ஆனை உடனே சாகாது. காலில் பட்டால் சீழ்பிடித்துக் கிழமைக்கணக்கில் நொண்டும். பன்றிக்கு வைத்த ஹக்கபட்டாஸ் வாயில் வெடித்தால் தின்ன முடியாமல் பட்டினியில் சாகும்.

ஒரே இரவில் வாழையும் தென்னம்பிள்ளையும் போன கமக்காரனின் வயிற்றெரிச்சலை நான் லேசாக எடுக்கவில்லை. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் மீளக்குடியேறிய நமது ஆட்களும் அதில் உண்டு. குருநாகல் பக்கம் விவசாயிகள் கூட்டாக, விதைத்ததும் வயலைச் சுற்றி மின்வேலி போட்டு அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கிறார்கள். பராமரிப்பும் அவர்களே. கமக்காரர் அமைப்பில் இருக்கிற உறவுகள், அடுத்த கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுங்கள். காலபோக விதைப்புக்கு முதலே பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுக்க வேண்டும். எழுத ஆள் தேவையென்றால் நான் எழுதித் தருகிறேன்.