கடமானின் காது

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையிலுள்ள விக்டோரியா மாநிலத்தின் மலைக்காடுகளில் மான் வேட்டை பழக இறங்குபவர் தேடிச் செல்லும் விலங்கு, அந்த மண்ணின் பூர்வகுடி அன்று. தமிழகத்தில் கடமான் என்றும், குமரி, நெல்லை மலையோரங்களில் மிளா என்றும், ஈழத்து வன்னியில் மரை என்றும் வழங்கப்படும் அதே விலங்குதான் அங்கே சாம்பர் என்ற பெயரில் உலவுகிறது. 1861இல் மெல்போர்னில் அமைந்த அக்ளிமடைசேஷன் சொசைட்டி, வேற்று நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் மீன்களையும் கொண்டுவந்து உள்ளூர்த் தட்பவெப்பத்துக்குப் பழக்கிவிடுவதையே நோக்கமாகக் கொண்ட சங்கம். அக்காலத்தில் வீசிய அந்த ஆர்வத்தின் விளைவாக 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்த சில கடமான்கள், மெல்போர்னைச் சுற்றியிருந்த காடுகளிலும் சதுப்புகளிலும் அவிழ்த்துவிடப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டுக்குள் அவற்றின் வழித்தோன்றல்கள் கிழக்கு விக்டோரியாவின் மலைத்தொடரெங்கும் நிறைந்து, எல்லை கடந்து நியூ சவுத் வேல்சுக்குள்ளும் பரவிவிட்டன. பிறந்த நாடுகளில் அழிவாய்ப்புள்ள இனமென்று 2008இல் உலகப் பட்டியலில் குறிக்கப்பட்ட விலங்கு, போய்ச் சேர்ந்த நாட்டில் மிகுந்துபோன விலங்காக எண்ணப்படுகிறது.

மிகுந்துபோனது என்றாலும் கண்ணில் படுகிறதா என்பது வேறு கேள்வி. 2019ஆம் ஆண்டில் மட்டும் விக்டோரியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் வேட்டையாடப்பட்டதாக அரசுத் தரப்பு மதிப்பீடு கூறுகிறது. அவற்றில் பெரும்பங்கு கடமான். ஆயினும் டார்கோ, ஜேமிசன், லிக்கோலா போன்ற மலையடி ஊர்களைக் கடந்து காட்டுக்குள் செல்லும் புதியவர், பல வார இறுதிகளைத் தொடர்ந்து செலவிட்டும் ஒரு மானின் முழு உருவத்தைக் காணாமல் திரும்புவது அங்கே வியப்புக்குரிய செய்தியே அன்று. மான் இல்லாததால் நேரும் ஏமாற்றமல்ல இது. அவர் கடந்துபோன சரிவிலேயே மான் இருந்திருக்கும்; அவர் வருவதை அறிந்து எழுந்து சென்றிருக்கும், அல்லது எழாமலே படுத்திருந்து, பத்தடி தொலைவில் அவர் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். ஆளைக் கண்டதும் ஓடிவிடாமல் பதுங்கிக் கிடப்பது கடமானின் பழக்கம்.

இப்பழக்கத்தின் வேர் ஆஸ்திரேலியாவில் இல்லை. வளர்ந்த கடமானைக் குறிவைத்துக் கொல்லும் புலியோ செந்நாய்க் கூட்டமோ அம்மலைகளில் இருந்ததில்லை. டிங்கோ என்னும் காட்டுநாய் உண்டென்றாலும் அது பெரும்பாலும் குட்டிகளுக்கே எமன். ஆகவே புலியும் சிறுத்தையும் செந்நாயும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செதுக்கிய ஓர் அச்சத்தை, அவ்வச்சத்துக்குக் காரணமான பகைவர் எவரும் இல்லாத நாட்டில் சுமந்து திரியும் விலங்கு அது என்றும், காலியாகக் கிடந்த அந்தப் பகைவனின் இடத்தில் துப்பாக்கியோடு வந்து நிற்பவரே வேட்டைக்காரர் என்றும் கொள்வதில் தவறில்லை. புதியவர் கற்க வேண்டியதெல்லாம் இந்த அச்சத்தின் இலக்கணம்தான். மலையை மானின் அச்சத்தினூடே பார்க்கத் தெரியாதவரையில் அவருடைய கால்கள் எவ்வளவு உரமுடையவையாயினும் பயனில்லை.

இவ்வச்சத்துக்கு ஒரு குரலும் உண்டு. ஐயத்துக்குரிய எதையேனும் உணர்ந்தால் கடமான் முன்னங்காலை நிலத்தில் தட்டி, வாலை உயர்த்தி, கனத்த ஊதுகுழலை ஒருமுறை அழுத்தி ஊதினாற்போலக் குரலெழுப்பும்; விக்டோரிய வேட்டைக்காரர் அதை 'ஹாங்க்' என்பர். முதுமலையிலோ களக்காட்டிலோ காட்டுவழி காட்டுபவரின் காதில் இக்குரல் விழுந்தால் அவர் முகம் மலரும், ஏனெனில் அருகில் புலி நடமாடுகிறது என்பதற்கு அதைவிட நம்பத்தகுந்த சாட்சியம் அரிது. விக்டோரியாவில் அதே குரலைக் கேட்கும் புதியவருக்கோ அது தம்மைப் பற்றிய அறிவிப்பு. அதைத் தோல்வியென்று கொண்டு முகாமுக்குத் திரும்புபவர் பலர்; ஆனால் குரல் வந்த இடத்தை நினைவில் இருத்தி, மான் எங்கே நின்றது, எவ்வழியாக விலகியது என்பதைப் பின்னர் சென்று ஆராய்பவருக்கு, அன்றைய நாளின் ஒரே பாடம் அந்த ஊதல்தான்.

நிலத்தைப் படிப்பதே முதல் வேலை. இம்மலைகளின் மிக உயர்ந்த சிகரமான போகாங் 1,986 மீட்டரே ஆதலால், உயரத்தைக் கொண்டு அவற்றை எளியவை என்று எண்ணிவிடக் கூடும். உண்மையில் ஓடைகள் ஆழ அறுத்த பள்ளங்களும், அவற்றுக்கிடையே விரல்களைப் போல இறங்கும் கிளைமுகடுகளும், காலைப் பின்னும் கம்பிப்புல்லும், பிளாக்பெரி முட்புதர்களும் சேர்ந்து, வரைபடத்தில் ஒரு விரற்கடை அளவாகத் தெரியும் தொலைவை அரைநாள் நடையாக மாற்றிவிடும். சம உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்திலுள்ள புள்ளிகளை இணைக்கும் வளைகோடுகள் கொண்ட வரைபடத்தில், அக்கோடுகள் நெருங்கிக் கிடந்தால் செங்குத்தான சரிவு என்றும், திடீரென ஓரிடத்தில் விலகி நின்றால் அங்கே சரிவின் நடுவே ஒரு திட்டு உண்டு என்றும் பொருள். கடமான் பகலில் படுப்பதற்கு அத்தகைய திட்டுகளை விரும்பித் தேர்கிறது. முகடுகளுக்கிடையே தாழ்ந்து வளையும் கணவாய்கள் அது ஒரு பள்ளத்திலிருந்து மறுபள்ளத்துக்குக் கடக்கும் வாசல்கள். தமிழ் வாசகருக்குத் தலைகீழாகத் தோன்றக்கூடிய மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: தென் அரைக்கோளத்தின் அந்த அட்சரேகையில் கதிரவன் ஆண்டு முழுவதும் வடவானிலேயே உச்சியைக் கடப்பதால், வடக்கு நோக்கிய சரிவுகள் உலர்ந்து வெதுவெதுப்பாகவும், தெற்கு நோக்கியவை ஈரம் தோய்ந்து மரப்பெரணிகள் அடர்ந்து இருண்டும் இருக்கும்; ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான குளிர்காலக் காலைகளில் வெயில் காய வரும் மான்களைக் கிழக்கு, வடக்குச் சரிவுகளில் தேடுவதே முறை.

எங்கே தேடுவது என்பதைவிட எவ்வழியாக நெருங்குவது என்பது கடினமான கேள்வி. அதற்கு விடை சொல்வது காற்று. பள்ளிப் புவியியலில் மலைக்காற்று, பள்ளத்தாக்குக் காற்று என்று இரண்டைப் படித்திருப்போர் அவற்றின் நடைமுறைப் பயனை உணரும் இடம் இதுவே. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவின் வழியே கீழிறங்குவது மலைக்காற்று. பகலில் வெயிலால் சூடேறி இலேசான காற்று சரிவைத் தழுவி மேலேறுவது பள்ளத்தாக்குக் காற்று. விடியலில் காற்று கீழ்நோக்கி இழியும்போது, கீழிருந்து மேலே செல்பவரின் வாடை அவருக்குப் பின்னே பள்ளத்தில் போய்விடுகிறது. வெயில் ஏறிய பிறகும் அவர் அவ்வாறே ஏறிக்கொண்டிருந்தால், அவருக்கு முன்னால் அவருடைய வாடை நடந்துபோய் மானிடம் சேதி சொல்லிவிடும். திட்டில் படுத்திருக்கும் கடமான் கீழ்ச்சரிவைக் கண்ணாலும் காதாலும் காத்து, மேலேறும் காற்றின் வழியே மூக்காலும் காக்கிறது. படுக்கையின் இடத்தேர்வில் உள்ள இக்கணக்கைக் கண்டால், எந்தக் கோட்டைக் கொத்தனும் சற்றே நாணுவான். எனவே பழகியவர்கள் சட்டைப்பையில் சிறு குப்பியில் முகப்பவுடரை வைத்திருந்து, நாலடிக்கு ஒருமுறை என்று சொல்லுமளவுக்கு அதைப் பிதுக்கி, தூள் மிதக்கும் திசையைப் பார்க்கிறார்கள். காலைக்காற்றும் பகற்காற்றும் மாறும் இடைப்பொழுதில் தூள் ஒருகணம் கீழும் மறுகணம் மேலுமாகச் சுழலும். அவ்வேளையில் நடப்பதைவிட ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது மேல் என்பது முதிர்ந்தவர்களின் வழக்கம். புதியவர்களில் மிகச் சிலரே உட்கார்கிறார்கள்.

தடயங்களைப் பொறுத்தவரை, காடு முழுவதும் எழுத்தாகவே இருக்கும். எவருடைய எழுத்து என்பதில்தான் மயக்கம். புதர்களின் கீழே குகைபோல் நுழைந்து செல்லும் தாழ்ந்த தடம் வாம்பட் என்னும் வளைவிலங்கினுடையதாகவோ சிறிய கங்காரு போன்ற சதுப்பு வாலபியினுடையதாகவோ இருக்கலாம். கிளறிப் புரட்டிய ஈரமண்ணைக் கண்டு மானின் வேலை என்று மகிழ்ந்தால், அது யாழ்ப்பறவை புழு தேடிச் சீய்த்ததாக முடியும். வாம்பட்டின் எச்சம் கனசதுரமாக இருப்பதால் ஐயமில்லை. கடமானின் புழுக்கையோ ஒருமுனை கூர்ந்த உருண்டை. அது பளபளத்து ஈரமாக இருந்தால் மான் போய் நெடுநேரமாகவில்லை, வெளிறி வெடித்திருந்தால் அது பழங்கதை. ஆண்மான் கொம்பின் மேல் படர்ந்த மெல்லிய தோலை உரிக்கவும் தன் மணத்தைப் பதிக்கவும் இளமரங்களின் பட்டையைத் தேய்த்து உரிக்கும் இடம் 'ரப்' எனப்படும். உரிந்த மரத்தில் சாறு கசிந்துகொண்டிருந்தால் அது புதிது. உடலெங்கும் சேறு பூசிக்கொள்ளப் புரளும் குட்டை 'வாலோ'. அதன் ஓரத்துப் பெரணி இலைகளில் தெறித்த சேறு உலர்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்ப்பவர் கடிகாரம் பார்ப்பவருக்குச் சமம். இவற்றுள் மிக விந்தையானது 'பிரசங்க மரம்'. தாழ்ந்து கவிந்த கிளையின் கீழ் ஆண்மான் பின்னங்கால்களில் எழுந்து நின்று, கொம்பால் இலைகளைக் குலைத்து, கண்ணோரச் சுரப்பியின் மணத்தைக் கிளையில் தடவிச் செல்கிறது. மேடையில் நின்று கையுயர்த்தும் போதகரின் தோற்றத்தை அதில் கண்ட எவரோ இட்ட பெயர் நிலைத்துவிட்டது. பிரசங்கம் முடிந்த பிறகே பெரும்பாலும் வேட்டைக்காரர் வந்து சேர்கிறார்.

கண்ணுக்குப் பயிற்சி தேவைப்படுவது, மனத்தில் உள்ள மானின் படத்தை அழிப்பதற்காகவே. நாட்காட்டிப் படங்களில் வெட்டவெளியில் பக்கவாட்டில் நிற்கும் மானை எதிர்பார்த்துச் செல்பவர் அத்தகைய மானைக் காண்பதே இல்லை. 10 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை கொண்ட இருகண் தொலைநோக்கியால் எதிர்ச்சரிவைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, நெட்டாக நிற்கும் யூக்கலிப்டஸ் அடிமரங்களுக்கிடையே கிடையாக ஓடும் ஒரு கோடு உண்டா என்று பார்க்க வேண்டும். அக்கோடு முதுகாக இருக்கலாம். கருமையான ஈர மூக்கின் மினுக்கம், மரமென்று எண்ணிய காலின் முழங்கால் வளைவு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காது. உடல் முழுவதும் அசைவற்றிருக்கும்போதும் காது மட்டும் ஈயை விரட்டத் திரும்பும். பல முதல் மான்கள் அந்த ஓர் அசைவால்தான் கண்டறியப்படுகின்றன. இங்கே வேகம் பகை. மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்பதே அடர்காட்டில் அதிகம். இரண்டு அடி வைத்து, நின்று, முன்னர் மறைந்திருந்து இப்போது திறந்த இடைவெளியைப் பார்த்து, மீண்டும் இரண்டு அடி வைப்பதே நடை. கண்டதும் சுடுவது வேட்டையன்று என்பதும் இங்கேயே கற்கப்படுகிறது: காணப்பட்டது மானின் காதா, மற்றொரு மனிதரின் கையுறையா என்பது ஐயமற உறுதியாகும்வரை விரல் விசைக்குப் போகக்கூடாது. வேட்டைக்காரர்கள் பளிச்சென்ற செம்மஞ்சள் நிறச் சட்டையும் தொப்பியும் அணிவது இதற்காக. அந்நிறத்தை மானின் கண் செவ்வனே பிரித்தறியாது.

சட்டத்தின் நோக்கில் இவ்விலங்கு இரட்டை வாழ்க்கை வாழ்கிறது. 1975ஆம் ஆண்டின் விக்டோரிய வனவுயிர்ச் சட்டம் அதை உரிமம் பெற்றவர் மட்டுமே வேட்டையாடக்கூடிய விலங்காக வைத்திருக்க, 1988ஆம் ஆண்டின் தாவர விலங்குக் காப்புச் சட்டத்தின் கீழ் அதன் மேய்ச்சலே இயற்கைத் தாவரங்களுக்கு அச்சுறுத்தலாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. யாரா மலைத்தொடரில் மட்டும் எஞ்சியுள்ள நெமடோலெபிஸ் பேரினத்து அரிய சிறுமரம் ஒன்றின் தண்டுகளைக் கடமான் கொம்பால் தேய்த்தே பட்டுப்போகச் செய்திருக்கிறது. புதியவர் கண்டு உள்ளம் துள்ளும் அந்தச் சாறு கசியும் தேய்ப்பு, தாவரவியலாளருக்கு ஓர் இழவுச் செய்தியாக இருக்கக்கூடும்.

இவ்வளவும் கற்று ஒருநாள் காதைக் கண்டு, காதுக்குரிய மானையும் உறுதிசெய்து வீழ்த்தியவருக்கு மிஞ்சியிருப்பது எடை. வளர்ந்த ஆண்கடமான் 200 கிலோவுக்கு மேலும் இருக்கும். ஒரு பின்தொடை மட்டுமே 20 கிலோவைத் தாண்டும். அதை முதுகிலேற்றி, இறங்கும்போது வேரைப் பிடித்து வழுக்கி வந்த சரிவை ஏற வேண்டும், பிறகு எஞ்சியதற்காக மறுபடி இறங்க வேண்டும், இருட்டுவதற்குள் மூன்றாம் முறையும். ஆகவேதான் பல ஆண்டு பழகியவர்கள் காலையில் முகட்டில் நின்று வரைபடத்தைப் பார்த்து, இந்த ஓடைக்குக் கீழே எத்தகைய கொம்புள்ள மான் நின்றாலும் அதை விட்டுவிடுவது என்று முன்னதாகவே தீர்மானித்துக்கொண்டு, அதன் பிறகே முதல் அடியை எடுத்து வைக்கிறார்கள்.