நீலச் சுவாலையே நிம்மதி



வீட்டில் ஒரு சாமான் பழுதாகிவிட்டால், "அது ஆம்பிளைகள் பார்க்கிற வேலை" என்று ஒதுங்கிக்கொள்வது நம்மில் பலரது வழக்கம். மற்றச் சாமான்கள் எப்படிப் போனாலும் கேஸ் விடயத்தில் இந்த வழக்கம் நமக்கு ஒத்துவராது. மூன்று வேளையும் அடுப்பின் முன்னே நிற்பவர்கள் நாம். அதில் ஒரு கோளாறு வந்தால் முதலில் காண்பவர்களும் நாம். ஆபத்து வந்தால் முதலில் அகப்படுபவர்களும் நாமும், நம் காலடியில் விளையாடும் பிள்ளைகளும்தான்.

இதை எனக்கு நன்றாக உணர்த்தியது என் மகள். அதுவும் நம் ஊர்க் குசினியில் அல்ல, கனடாவின் மலைப் பாதையொன்றில்.

2019 செப்டெம்பரில் நானும் என் உம்மாவும் கனடாவில் வாழும் மகளிடம் போயிருந்தோம். மருமகன் ஒரு மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்தார். வேனின் உடம்பில் ஒரு சின்ன வீட்டையே கட்டி வைத்தது போன்ற வாகனம் அது. கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளேயே உண்டு. அடுப்பும், குளிரைப் போக்கும் ஹீட்டரும், வெந்நீர் தாங்கியும் வண்டியின் அடியில் பொருத்திய புரொப்பேன் கேஸில்தான் இயங்கும். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை ஏறத்தாழ 230 கிலோமீற்றர் நீளமான பாதை. இரு பக்கமும் பனி மூடிய மலைகள். அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்து "ஸுப்ஹானல்லாஹ்" சொல்லிச் சொல்லி உம்மாவின் நா ஓயவில்லை.

இரண்டாவது இரவு தங்கிய இடத்தில் கரண்ட் வசதி கிடையாது. சுபஹுக்கு எழும்பும்போது வண்டிக்குள் பல் கிட்டும் குளிர். ஹீட்டர் நின்றிருந்தது. குழாயைத் திறந்தால் ஐஸ் போலத் தண்ணீர். வெந்நீருக்கான சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. உம்மாவுக்கு 73 வயது, போதாததற்கு மூட்டு வலி. மகளின் மடியிலோ ஏழு மாதக் குழந்தை.

"அடுப்பு எரியுதுதானே மாமி. நாலையும் பத்த வச்சிட்டுக் கதவ மூடினா உள்ளுக்குச் சூடாகிடும்" என்றார் மருமகன்.

"வேணாம். அது சமைக்கிறதுக்கு, அறையைச் சூடாக்குறதுக்கு இல்ல" என்று மகள் உடனே தடுத்துவிட்டாள்.

சகோதரிகளே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். மூடிய அறையில் கேஸ் எரியும்போது காற்றிலுள்ள ஒட்சிசன் குறைந்துகொண்டே போகும். அது போதாமற் போனால் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. தலை சுற்றும், வாந்தி வரும், தூக்கம் தூக்கமாக வரும். குளிரினாலும் களைப்பினாலும் வந்தது என்று எண்ணிப் படுத்தவர்கள் எழும்பாமலே போன சம்பவங்கள் குளிர் நாடுகளில் அடிக்கடி நடக்கின்றன. கரி அடுப்புக்கும் இதே சட்டம்தான். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் குளிருக்காக அறைக்குள் தணல் சட்டி வைத்துப் படுப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

அந்த நேரத்தில் வழி காட்டியது உம்மாதான். "கேத்தல்ல கொஞ்சம் தண்ணி சுட வைங்க மகள். வுழூவுக்கு எவ்வளவு தண்ணி வேணும்?" என்றார். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில், அதாவது ஒரு லீற்றருக்கும் குறைந்த தண்ணீரில் வுழூச் செய்திருக்கிறார்கள் என்பதை நாமெல்லாம் மத்ரஸாவில் படித்தவர்கள்தானே. கூரையிலிருந்த காற்றுத் துவாரத்தைத் திறந்துவிட்டு ஒரு கேத்தல் தண்ணீர் சுட வைத்தோம். சூடானதும் அடுப்பை அணைத்தோம். பச்சைத் தண்ணீர் கலந்து நால்வரும் வுழூச் செய்து தொழுதோம்.

மார்க்கம் நம்மை எங்கும் கைவிடுவதில்லை. காலுறைக்கு மேல் மஸ்ஹுச் செய்யும் சலுகை பிரயாணிக்கு மூன்று நாள் இரவும் பகலும் உண்டு. ஹிஜ்ரி 8இல் தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவொன்றில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள், குளித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் எனப் பயந்து தயம்மும் செய்து தொழுவித்தார்கள். செய்தி அறிந்த நபியவர்கள் சிரித்தார்களே தவிர ஒன்றும் கூறவில்லை. ஆனால் சூடாக்கத் தண்ணீரும் அடுப்பும் இருக்கும்போது சலுகையைத் தேடி ஓடத் தேவையில்லை.

தொழுகை முடிந்தது. ஆயினும் இன்னும் நாலு நாள் பயணம் இருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், உடுப்பு அலச வேண்டும். குழந்தையை என்னிடம் தந்துவிட்டு மகள் வண்டியோடு வந்த கைந்நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் மெக்கானிக் அல்ல. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். அந்த ஒழுங்குதான் எனக்குப் பிடித்தது.

முதல் கேள்வி, கேஸ் வருகிறதா? அடுப்பு நன்றாக எரிந்தது. ஆகவே கேஸ் உண்டு.

இரண்டாவது, தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா? வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். தடையில்லாமல் தண்ணீர் வந்தது. வெறுந் தாங்கிக்கு நெருப்பு மூட்டக் கூடாது, தாங்கி பழுதாகிவிடும்.

மூன்றாவது, கரண்ட் போதுமா? கேஸில் எரிகிற சாமானுக்கு ஏன் கரண்ட் என்று நான் கேட்டேன். தீப்பொறியை உண்டாக்குவதும், கேஸ் வால்வைத் திறப்பதும், சுவாலை பிடித்ததா என்று பார்ப்பதும் 12 வோல்ட் பெட்டரியில் ஓடும் ஒரு சின்னச் சுற்றுத்தானாம். உள்ளே விளக்குகள் மங்கி எரிந்தன. இரவு முழுவதும் ஹீட்டரின் காற்றாடி ஓடிப் பெட்டரி இறங்கிவிட்டிருந்தது. மருமகன் வெளியே நிறுத்தியிருந்த வண்டியின் எஞ்சினை ஓட விட்டார். சற்று நேரத்தில் ஹீட்டர் உயிர் பெற்றது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் வெந்நீர் வரவில்லை. டிக், டிக் என்ற சத்தம், பின்பு 'பொப்' என்று ஒரு சின்ன வெடிப்பு, திரும்பவும் சிவப்பு விளக்கு. சுவாலை பிடிக்காவிட்டால் சில முறை முயன்று பார்த்துவிட்டு வால்வு தானாக மூடிக்கொள்ளும். எரியாத கேஸ் வெளியேறிச் சேராதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. இந்தச் சிவப்பு விளக்கை வெறுப்போடு பார்க்கிறோம். உண்மையில் அது நம் காவல்காரன். அதை மறைத்தோ மாற்று வயர் கொடுத்தோ ஏமாற்ற நினைப்பது மடமை.

எஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே இறங்கி, வண்டியின் பக்கத்திலுள்ள சின்னக் கதவைத் திறந்து பார்த்தோம். நான் டோர்ச் பிடித்தேன். புகை போகும் வழியின் மேற்புறம் கரி பிடித்திருந்தது. இன்னொரு முறை முயன்றபோது சுவாலை மஞ்சளாக ஆடி ஆடி எழும்பி அணைந்தது. மஞ்சள் சுவாலையும் கரியும் இருந்தால் கேஸோடு கலக்க வேண்டிய காற்று போதவில்லை என்று பொருள். காற்றின் வழியை எதுவோ அடைத்திருக்கிறது.

சுவிட்சை நிறுத்தி, கேஸின் பிரதான வால்வையும் மூடி, எல்லாம் ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு பிள்ளையின் பால் போத்தல் கழுவும் பிரஷை எடுத்துக் கேஸ் போகும் குழலினுள் விட்டு இழுத்தாள். என்ன வந்தது தெரியுமா? ஒரு சிலந்தி வலை! பஞ்சு போல அடைத்துக் கிடந்தது. நாட்கணக்காக ஓடாமல் நிற்கும் வண்டிகளில் இது சாதாரணமாம். வால்வை மெதுவாகத் திறந்து மீண்டும் சுவிட்சைப் போட்டாள். ஒரே சீரான இரைச்சலோடு நீலச் சுவாலை. அரை மணித்தியாலத்தில் வெந்நீர். உம்மா பேத்தியின் தலையைத் தடவி துஆச் செய்தார். அந்தப் போத்தல் பிரஷ் மட்டும் குப்பைக்குப் போயிற்று!

இனி நம் குசினிக்கு வருவோம்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. நாட்டின் பல பாகங்களிலும் கேஸ் கசிவும், அடுப்பு வெடிப்பும், தீயும். சிலிண்டரைக் கண்டாலே பயந்த காலம். பலர் விறகடுப்புக்கே திரும்பினார்கள். இதை ஆராய ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டரிலிருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாறியதைக் காரணமாகச் சுட்டிக்காட்டியது. இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை வரையும் ஆவியாகும். அதனால்தான் கனடாவின் குளிருக்கு அதைப் பாவிக்கிறார்கள். பியூட்டேன் பூச்சியப் பாகையளவிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஒரே வெப்பநிலையில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனினதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். நம் ஊர் வெயிலில் புரொப்பேன் கூடினால் சிலிண்டரின் அழுத்தமும் கூடும். பழைய ரெகுலேட்டரும் வெடித்த ரப்பர் குழாயும் அதைத் தாங்குமா?

ஆகவே சகோதரிகளே, இவற்றை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சுவாலையின் நிறத்தைத் தினமும் பாருங்கள். நீலமாக இருந்தால் நிம்மதி. மஞ்சளாகி, சட்டியின் அடி கறுத்தால் அடுப்பை அணைத்து ஆறவிட்டு, பர்னரைக் கழற்றித் துவாரங்களைச் சுத்தம் செய்யுங்கள். சோற்றுக் கஞ்சியும் எண்ணெயும் அடைத்திருக்கும். அதன் பின்னும் மஞ்சள் மாறாவிட்டால் தெரிந்தவரை அழையுங்கள்.

சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் சவர்க்கார நுரையை ரெகுலேட்டரிலும் குழாயின் இரு முனைகளிலும் தடவிப் பாருங்கள். குமிழி எழும்பினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது உயிரோடு விளையாடுவது. குழாயில் வெடிப்போ இறுக்கமோ கண்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கேஸுக்கு இயல்பில் மணமில்லை. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றே அந்தக் கெட்ட வாடையைச் சேர்க்கிறார்கள். அது காற்றைவிடப் பாரமானது, தரையோடு படியும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்து பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இருட்டில் ஸஹர் சமைக்க எழும்பும் ரமழான் நாட்களில் இது மிக முக்கியம். விளக்கைப் போடுமுன் மூக்கு வேலை செய்யட்டும். இரவில் படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுவது இன்னும் நல்லது. உறங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாம் என்று நபியவர்கள் நமக்கு அன்றே சொல்லிவிட்டார்கள்.

நம் பெண் பிள்ளைகளுக்குக் கறி ஆக்கப் பழக்குகிறோம். அந்தக் கறியை ஆக்கும் அடுப்பைப் பற்றியும் பழக்குவோம். சாமான் வாங்கும்போது வரும் கைந்நூலை அலுமாரியின் மேலே வீசாமல் ஒரு முறை சேர்ந்து வாசிப்போம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

வல்ல நாயன் நம் இல்லங்களையும் பிள்ளைகளையும் நெருப்பின் தீங்கிலிருந்து காப்பானாக. ஆமீன்.