மன்னார்க் கடலின் பவளத் தீவு

நெய்தலை ஐந்திணையுள் ஒன்றாக வைத்துப் பாடிய மொழி நம் தமிழ். கொற்கை முத்தின் பெருமையை வகுப்பறையில் விரித்துரைக்கும் நமக்கு, அம்முத்து விளைந்த கடலின் அடிநிலத்தையும் காண வேண்டும் என்னும் அவா நெடுநாள் உண்டு. அதுவே நம்மைக் குருசடைத் தீவுக்கு அழைத்துச் சென்றது.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே பரந்து கிடந்த 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்னும் தீவுப் பெயர்களே கடலோடிகளின் வாழ்வை உரைக்கும். அவற்றுள் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று நீருள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடங்களுக்கும் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டியெடுத்தமை அதற்குரிய காரணங்களுள் ஒன்று. 1964ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து நிற்கும் தனுஷ்கோடித் தேவாலயத்தின் சுவரும் பவளக்கல்லே. 2001இல்தான் பவளத்திற்கு வனவுயிர்ச் சட்டத்தின் முழுக்காப்புக் கிடைத்தது.

பாம்பனை அடுத்த குந்துகால் துறையில் படகேறினோம். தெளிந்த நீரினூடே மான்கொம்பெனக் கிளைத்தனவும் மூளையென மடிந்தனவுமாகிய பவளங்கள் தெரிந்தன. கல்லெனத் தோன்றும் அவை உயிர்க்கூட்டங்கள். நுண்ணுயிர்ப்பாசிக்குத் தம் உடலுள் இடமளிக்கின்றன. பாசி அவற்றிற்கு உணவும் நிறமும் அளிக்கிறது. கடல் மிகையாகச் சூடேறின் பாசி நீங்கும், பவளம் வெளிறும், வெப்பம் நீடிப்பின் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வளைகுடா அத்துயரைக் கண்டது.

படகில் உடன்வந்த உள்ளூர் இளைஞர் சொன்ன சொல் நம் நெஞ்சில் தைத்தது: “எங்கம்மா இந்தத் தீவச் சுத்தித்தான் சார் பாசி எடுத்துச்சு. இப்ப நீங்க சீட்டு வாங்கிட்டு இறங்கலாம். அது இறங்க முடியாது.”

மரிக்கொழுந்துப் பாசி எடுத்து வாழும் மகளிர் இக்கரையில் பலர். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பதெனத் தாமே வரையறை செய்துகொண்டவர் அவர்கள். அவர்தம் உரிமைக்கும் கடல் நலத்திற்கும் ஒருசேர உழைத்த லட்சுமி மூர்த்தி அம்மையார்க்கு 2015இல் சீகாலஜி என்னும் உலகப் பரிசு வழங்கப்பெற்றது. ஏட்டறிவு மிக்காரும் இத்தகு தன்னடக்கத்தை அவர்பால் கற்றல் வேண்டும்.

பவளம் அழியின் மீன் குறையும். மீன் குறையின் கரைவாழ்வு குலையும். ஆதலின் காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கண்டு களிக்க வரும் நமக்குத் திறக்கும் வாயில், கடலையே நம்பி வாழ்வார்க்கு அடைபடுமாயின் அக்காவல் நிறைவுடையதாகாது. காக்கும் பணியிலும் அதன் பயனிலும் அவர்க்கே முதலிடம் தருதல் நீதி.

மாணவச் செல்வங்களே! அத்தீவுக்குச் செல்லுங்கள். ஒரு சிப்பியையும் எடுத்து வராதீர்கள். கரையில் பாசி உலர்த்தும் தாய்மாரிடம் சிறிது நேரம் பேசிவிட்டு வாருங்கள். நூலகம் தாராத நெய்தற் பாடத்தை அவர்கள் தருவர்.