தோடியை அசைய விடு, பாப்பா

இறம்பொடை

அன்புள்ள பாப்பா,

இங்கே மழை விட்டபாடில்லை. கொழுந்து நன்றாக வந்திருக்கிறதாம், பறிக்கத்தான் ஆளில்லை என்று உன் மாமா புலம்புகிறார். பெரியப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது. சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

நீ உன் குழுவோடு வயலின் வாசித்து அனுப்பிய பதிவைக் கேட்டேன். வில் நல்ல அழுத்தமாகப் பேசுகிறது. கனடா குளிரில் விரல் விறைத்துப்போகும் என்று பயந்திருந்தேன், அந்தக் கவலை தீர்ந்தது. ஆனால் தோடி ராகத்துக்கு என்னம்மா செய்தாய்? கீபோர்ட் தம்பி கோர்டை மாற்ற மாற்ற, உன் காந்தாரம் அசையாமல் நேரே நின்றுவிட்டது. தோடியின் காந்தாரம் நிற்கிற ஸ்வரமா? ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அது ஊசலாட வேண்டாமா? அவனுடைய கோர்டோடு முட்டக்கூடாதென்று நீ அதைத் தட்டையாக்கிவிட்டாய். அவனுக்கு மரியாதை கொடுத்தாய், சரி. தோடிக்கு யார் கொடுப்பது?

கீபோர்டோடும் ட்ரம்ஸோடும் சேர்ந்து நீ வாசிப்பதை உன் வாத்தியார் கலப்படம் என்று திட்டியதாகவும் நீ அழுததாகவும் அம்மா சொன்னாள். அந்த விஷயத்தில் நான் உன் பக்கம்தான். வயலினே வெள்ளைக்காரன் கொண்டுவந்த வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்து ஏறக்குறைய இருநூறு வருஷமாகிறது. இன்றைக்கு அது இல்லாத பாட்டுக் கச்சேரியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1994இல் ‘டூயட்’ படம் வந்தபோது நம் தோட்டத்து லயத்தில் கத்ரி கோபால்நாத்தின் சாக்சபோன் ஓயாமல் ஒலித்தது. அவரே 2008இல் ருத்ரேஷ் மகந்தப்பா என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞரோடு சேர்ந்து ‘கின்ஸ்மென்’ என்ற இசைத்தட்டில் வாசித்தார். அவர் ராகம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நீ எல். சங்கரின் வயலினைக் கேட்க வேண்டும் பாப்பா. அவருடைய அப்பா வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிப்பித்தவர். பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பமே சென்னைக்குப் போனது. அந்த மாதிரிப் போவது எப்படி இருக்கும் என்று நம் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவிடம் வயலின் கற்ற அந்தப் பிள்ளைதான் பிற்பாடு ஜான் மெக்லாலின் என்ற ஜாஸ் கிட்டார்காரரோடு ‘சக்தி’ குழுவில் உட்கார்ந்தார். ஜாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம், ராகவன் மிருதங்கம். 1975 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் அவர்கள் செய்த கச்சேரிதான் முதல் இசைத்தட்டாக வந்தது.

அதில் எதெல்லாம் இல்லை என்று கவனி. பியானோ இல்லை, பேஸ் இல்லை, ட்ரம்ஸ் இல்லை. கோர்ட் வரிசை ஓடி ராகத்தின் காலை வாரிவிடவில்லை. மெக்லாலின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். தன் கிட்டாரில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிக்கொண்டார். தந்தியை இழுத்து ஸ்வரத்தை அசைக்க இடம் கிடைத்தது. நம்மிடம் வருவதற்கு அவர் தன் வாத்தியத்தையே மாற்றினார். நீயோ கமகத்தையே விட்டுக்கொடுக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோர்ட் மாறினால் என்ன ஆகும் என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறேன், நினைவிருக்கிறதா? மோகனத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் மத்தியமாவதி, காந்தாரத்தை வைத்துக்கொண்டால் இந்தோளம். கிரகபேதம் என்று வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தாயே, அதேதான். நீ மோகனம் வாசிக்கும்போது கீழே பேஸ் ரிஷபத்துக்கு நகர்ந்து அங்கேயே நின்றால், கேட்கிறவன் காதில் மெல்ல மத்தியமாவதி விழத் தொடங்கும். தெரிந்து செய்தால் அது பெரிய அழகு. தெரியாமல் நடந்தால் ராகம் கை நழுவிப்போகும்.

ஆகவே தோடி வாசிக்கும்போது அந்தக் கீபோர்ட் தம்பியைச் சட்ஜம் பஞ்சமத்தோடு நிறுத்தச் சொல். கோர்ட் வேண்டுமென்றால் கீரவாணியோ சங்கராபரணமோ எடு. கீரவாணியின் ஸ்வரங்கள் அவர்களுடைய ஹார்மோனிக் மைனரேதான், அவனுக்கும் சொந்த வீடு மாதிரி இருக்கும். தாளத்தில் உங்களுக்குள் சண்டையே வராது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறிமாறி வாசித்து, அளவைக் குறைத்துக் குறைத்து வந்து, கடைசியில் சேர்ந்து கோர்வை வைப்பார்களே, அதை உன் குழுவின் ட்ரம்ஸ் பிள்ளைக்குச் சொல்லிக் கொடு. ஜாஸிலும் நாலு நாலு பாராக மாறிமாறி வாசிக்கிற வழக்கம் இருப்பதால் சட்டென்று பிடித்துக்கொள்வான். கொன்னக்கோலை வாயால் சொல்லிக் காட்டு, தாளில் எழுதிக் கொடுக்காதே.

எனக்கு ஒரு ஆசை. மாசியில் காமன் கூத்துக்குத் தப்பை நெருப்பில் காய்ச்சி அடிப்பார்களே, நீ தாத்தாவின் தோளில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்த கூத்து. கட்டத்துக்குக் கட்டம் அடி மாறும். ஆடுகிறவன் காலைப் பார்த்து, அடிக்கிறவன் அந்த இடத்திலேயே புதிதாக ஒன்று போடுவான். மனோதர்மத்தை நான் முதலில் பார்த்தது அவர்களிடம்தான், சபாவில் இல்லை. உன் குழுவில் அந்த அடி ஒரு நாள் கேட்க வேண்டும். அடுத்த மாசிக்கு லீவு கிடைத்தால் அந்த ட்ரம்ஸ் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. படுக்க இடம் இருக்கிறது, குளிருக்குக் கம்பளியும் இருக்கிறது.

மேடை கூடக் கூட சாதகம் குறையும், அதுதான் என் பயம். விடிய எழுந்ததும் ஒரு வர்ணத்தை மூன்று காலத்திலும் வாசித்துவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடிக்க வேண்டும். அம்மாவிடம் விசாரிப்பேன், பொய் சொல்லாதே.

தேயிலைத் தூளும் கொஞ்சம் இஞ்சி முறப்பாவும் கட்டி வைத்திருக்கிறேன். உங்கள் பக்கம் யாராவது கொழும்பிலிருந்து வருகிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல், மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா