கலைக்குச் சோறு போட்டவர்

என்னிடம் மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் இருபது வயதைத் தொட்டதும் ஒரே கேள்வியைக் கொண்டுவருகிறார்கள். "வாசிப்பையே நம்பி இறங்கலாமா சார், இல்லை வேலைக்குப் போகட்டுமா?" இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ! நான் பிலிப் கிளாஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரைப் பற்றிச் சொல்வேன். இன்று உலகம் முழுக்க அவர் ஓபராக்கள் மேடையேறுகின்றன. நாற்பது வயது தாண்டும்வரை அவர் டாக்ஸி ஓட்டினார்.

1937-ல் பால்டிமோரில் பிறந்தவர். அப்பா இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். விற்காமல் தேங்கிய தட்டுகளை ராத்திரி வீட்டுக்கு எடுத்துவந்து போட்டுக் கேட்பாராம், இதில் என்ன குறை, ஏன் விலைபோகவில்லை என்று கண்டுபிடிக்க. கேட்கக் கேட்க பார்டோக், ஷோஸ்டகோவிச் என்ற இசையமைப்பாளர்கள் அவருக்கே பிடித்துப்போனார்கள். அப்புறம் கடைக்கு வருகிறவர்களிடம் அவரே அந்தத் தட்டுகளை எடுத்து நீட்டினார். பொறுமையாகக் கேட்கும் காது மகனுக்கு அந்த வீட்டில்தான் கிடைத்திருக்க வேண்டும். அந்தக் கடைக்காரர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இசை படிக்க நியூயார்க் போகிறேன் என்று மகன் சொன்னபோது, ஊர் ஊராகச் சுற்றி ஓட்டலில் தங்கியே காலம் போய்விடும் என்று அம்மா எச்சரித்தார். நம் வீடுகளில் கேட்காத பேச்சா? மகன் எஃகு ஆலையில் சில மாதம் உழைத்துக் காசு சேர்த்துக்கொண்டு ஜூலியார்டில் படிக்கப் போனார்.

பட்டம் வாங்கிய பிறகு, 1964-ல், பாரிஸில் நாடியா பூலான்ஜே என்ற கண்டிப்பான ஆசிரியையிடம் போய் அடிப்படைப் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அப்போது வயது 27. அங்கேதான் சிதார் மேதை ரவி சங்கரிடம் ஒரு வேலை கிடைத்தது. 'சப்பாகுவா' என்ற படத்துக்கு அவர் அமைத்த இசையை, மேல்நாட்டு வாத்தியக்காரர்கள் வாசிக்கும்படி எழுதித் தர வேண்டும். கிளாஸ் தனக்குத் தெரிந்த முறையில், தாளத்தைப் பிரிக்கும் கோடுகளைப் போட்டு எழுதினார். வாசித்தபோது வேண்டாத ஸ்வரத்தில் அழுத்தம் விழுந்தது. கூட இருந்த தபலா மேதை அல்லா ரக்கா, எல்லா ஸ்வரமும் சமம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிளாஸ் கோட்டைத் தள்ளிப் போட்டுப் பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் கோடுகளை எல்லாம் அழித்துவிட்டார். அழித்த பிறகுதான் அவர் கண்ணில் பட்டது: இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்துகொண்டே போய்ப் பெரிய ஆவர்த்தனத்தில் விழும் ஓட்டம்.

தகிட, தகதிமி என்று கூட்டிக் கூட்டிச் சொல்லிப் பழகிய உங்களுக்கு இது ஆரம்பப் பாடம். அவருடைய இசையோ அங்கேதான் திரும்பியது. 1968-ல் '1+1' என்று ஒன்று எழுதினார். வாத்தியம் ஒரு மேஜைப் பலகை, அதற்கு ஒரு மைக். இரண்டே இரண்டு சின்னச் சொற்கட்டுகளைக் கணக்காகக் கூட்டியும் குறைத்தும் ஒருவர் விரலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கோர்வை கட்டத் தெரிந்த பிள்ளைகள் அதை வாசித்துப் பாருங்கள்.

நியூயார்க் திரும்பிச் சொந்தக் குழு அமைத்தார். வீட்டில் இரண்டு குழந்தைகள். சாமான் ஏற்றி இறக்கினார், பிளம்பர் வேலை பார்த்தார், டாக்ஸி ஓட்டினார். ஒருநாள் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷினைப் பொருத்திக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர் 'டைம்' பத்திரிகையின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ். அவர் ஆளை அடையாளம் கண்டு பதறிப்போனார். இதோ முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு கிளாஸ் வேலையைத் தொடர்ந்தார்.

1976 நவம்பரில் அவருடைய 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் நடந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம், இடைவேளை கிடையாது. அரங்கு நிரம்பியது. கணக்கு முடித்தால் பெருங்கடன். மறுபடி டாக்ஸிக்குப் போனார். வண்டியில் ஒட்டியிருந்த உரிமத்தில் பெயரைப் பார்த்த ஒரு பெண்மணி, பெரிய இசையமைப்பாளர் ஒருவர் பெயர் உங்களுக்கு இருக்கிறதே என்றாராம்.

அவர் கலைக்குச் சோறு போட்டார், கலையிடம் சோறு கேட்கவில்லை. எழுதுவதெல்லாம் வண்டியை நிறுத்திய பிறகு, தூக்கத்தைத் தின்றுதான். ஆனால் ஒரு ஸ்வரத்தைக்கூட யாருக்கு விற்கும் என்று பார்த்து எழுத வேண்டிய நிலை அவருக்கு இல்லை. அன்றைய நியூயார்க்கில் வாடகை குறைவு, இன்று உங்கள் பாடு அதைவிடக் கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும், வேலைக்குப் போனால் வித்தை போய்விடும் என்ற பயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நெதர்லாந்தின் ராட்டர்டாமிலிருந்து ஓபரா எழுதக் கேட்டு அழைப்பு வந்த பிறகுதான் டாக்ஸியை விட்டார். 1980-ல் அரங்கேறிய அந்தப் படைப்புதான் 'சத்தியாக்கிரகா'. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டம், கீதையின் சமஸ்கிருத வரிகளில். கடைசி அங்கம் 1913-ன் நியூகாசில் நடைப்பயணம். அன்று வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களில் நம்மவர்கள் ஏராளம், அதே போராட்டத்தில் சிறைக்குப் போய் வந்துதான் தில்லையாடி வள்ளியம்மை உயிர்விட்டாள். அதை நினைத்துக்கொண்டு அந்த அங்கத்தைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காசில்லாத காலத்திலும் அவர் தன் படைப்பின் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. வெகுகாலம் அவர் குழு மட்டுமே அந்த இசையை வாசித்தது. கேட்க ஆசைப்பட்டவர்கள் குழுவைக் கூப்பிட்டாக வேண்டும், அதனால் வாத்தியக்காரர்களுக்கும் சம்பளம் வந்தது. நீங்கள் யூடியூபுக்காகவும் ஆல்பத்துக்காகவும் அவசரமாகக் கையெழுத்துப் போடுகிறீர்கள். உரிமை யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்ற இரண்டையும் படித்துவிட்டுப் போடுங்கள். புரியாவிட்டால் பேப்பரை என்னிடம் எடுத்துவாருங்கள், தெரிந்த வக்கீல் இருக்கிறார், உட்கார்ந்து பார்ப்போம்.