பேத்திக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தேன்

பேத்தி பெங்களூர்ல ரெண்டாம் வகுப்பு முடிச்சிட்டு ஏப்ரல்ல லீவுக்கு வந்தா. வீட்ல வாய் ஓயாம நம்ம தமிழ்தான் பேசுவா. பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ், கன்னடம், ஹிந்தி மூணும் எழுதுறா. ஆனா தமிழ்ல தன் பேரைக்கூட வாசிக்கத் தெரியாது. மகன்கிட்ட கேட்டா, "ஏற்கனவே மூணு இருக்குப்பா, நாலாவது எதுக்கு அவளுக்கு?"ங்கான். எனக்கு மனசு ஒப்பல. பிசான அறுப்பு முடிஞ்சு வயல் சும்மா கிடந்தது. சாரல் விழுந்து சித்தாத்துல தண்ணி வந்தாத்தான் கார் நடவு. அதுவரைக்கும் எனக்கும் வேலை இல்ல. நானே சொல்லிக்கொடுக்க உக்காந்துட்டேன்.

முதல்ல தப்பாத்தான் ஆரம்பிச்சேன். தென்காசி பஜார்ல எழுத்து அட்டை ஒண்ணு வாங்கி, 247 எழுத்தையும் வரிசையா ஒப்பிக்கச் சொன்னேன். நான் படிச்சது அப்படித்தான். அஞ்சாவது நாள் 'ங, ஙா, ஙி' வந்துச்சு. "இதுல என்ன வார்த்தை வரும் தாத்தா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. தெரியாத கோவத்துல சத்தம் போட்டுட்டேன். மூணு நாள் பக்கத்துலயே வரல. "ஏன் பிள்ளைய இப்படி வெரட்டுதீய?"ன்னு அவ ஆச்சி கேட்டதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.

நாலாம் நாள் அட்டையைப் பரண்ல போட்டுட்டு, ட, ப, ம மூணை மட்டும் எழுதிக் காட்டினேன். கோடு கோடா இருக்கும், கை மடங்கும். ம மேல ஒரு புள்ளி வச்சா படம், மடம். அப்புறம் ர, ல, க. மரம், கல், பல். துணைக்கால் போட்டா பால், மாமரம். ஒரு வாரத்துல இருபது வார்த்தை வாசிச்சிட்டா.

கொம்புலதான் மாட்டிக்கிட்டோம். பஸ் போர்டுல 'தென்காசி'யைப் பார்த்து 'எ-த-ன்'னு வாசிக்கா. கொம்பு முன்னால நிக்கே, அதைத்தானே முதல்ல சொல்லணும்ங்கது அவ கணக்கு. மாட்டுக்குக் கொம்பு முன்னாலதான் இருக்கும், ஆனா மாட்டைத்தானே கூப்பிடுதோம்னு சொல்லிப் பார்த்தேன். அவ கொஞ்ச நேரம் யோசிச்சு, "ஹிந்தியிலயும் 'கி' எழுதும்போது இ முன்னாடிதான் வரும் தாத்தா"ன்னா. மகன் பயந்த அந்த மூணு மொழியில ஒண்ணுதான் அன்னைக்கு எனக்குக் கை கொடுத்துச்சு.

கன்னடம் வேற விதமா இடிச்சுது. அங்க க-வுக்கு நாலு எழுத்து. நமக்கு ஒண்ணு. கடல்ல ஒரு சத்தம், தங்கத்துல ஒண்ணு, மகன்ல இன்னொண்ணு. எப்படிக் கண்டுபிடிக்கன்னு கேட்டா. "வார்த்தையைச் சொல்லு, சத்தம் தானா வரும்"னேன். வந்துச்சு. தமிழ் பேசத் தெரிஞ்ச பிள்ளைக்கு அது ஒரு பெரிய வசதி.

(எழுத்து மாறுன குழப்பம் எனக்கும் உண்டு. 1978-ல எம்.ஜி.ஆர் அரசு பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தப்போ நான் மூணாம் வகுப்பு. அதுக்கு முன்னால 'லை'யும் 'னை'யும் யானைத் தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சிருக்கும். அவசரத்துல எழுதுனா இன்னைக்கும் எனக்குத் தும்பிக்கைதான் வருது. பேத்திக்கு அது படம் வரைஞ்ச மாதிரி தெரிஞ்சிருக்கு, சிரிச்சா.)

ஆனா நான் நினைச்சே பார்க்காத சிக்கல் புத்தகத்துல இருந்தது. 'பூனை பால் குடிக்கிறது'ன்னு எழுத்துக்கூட்டி முடிச்சிட்டு, "யாரு தாத்தா இப்படிப் பேசுவா?"ன்னா. நியாயந்தானே. அவ காதுல கேட்ட தமிழ் அந்தப் பக்கத்துல இல்ல. அவளுக்கு அது அஞ்சாவது மொழி மாதிரி. அன்னைக்கு ராத்திரி ஒரு நோட்டு எடுத்து, 'ஆச்சி முறுக்கு சுட்டா. தாத்தா ரெண்டு தின்னாரு. ஆச்சி ஏசுனா'ன்னு பெருசா எழுதி வச்சேன். காலையில வாசிச்சிட்டு அடுக்களைக்கு ஓடுனா, ஆச்சிக்கு வாசிச்சுக் காட்ட. அதுக்கப்புறம் தினம் ஒரு பக்கம் கேட்டா. தமிழாசிரியர்கள் என்னைத் திட்டலாம். நாலு வாரம் கழிச்சுதான் ஒவ்வொரு வரிக்கும் கீழே 'சுட்டாள்', 'தின்றார்'னு எழுத்துத் தமிழையும் சேர்த்தேன்.

கிளம்புறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை எல்லாரும் அருவிக்குப் போனோம். தண்ணி நூல் மாதிரிதான் விழுந்துச்சு. அவ தண்ணியைப் பார்க்கல, கண்ணு பூரா போர்டுலதான். 'ஐந்தருவி'யை ஒரே மூச்சுல வாசிச்சா. 'குற்றாலம்' வந்ததும் நின்னுட்டா. "குற்... றாலம். நாம குத்தாலம்னுதானே சொல்லுவோம்?" எழுதுறது அப்படி, சொல்றது இப்படின்னேன். "அதுக்கும் கீழ ஒரு வரி எழுதணும்"னா.

மே கடைசியில ஊருக்குப் போயிட்டா. போன வாரம் மகன் வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பினான். கோடு போட்ட தாள்ல பென்சில்ல, 'தாத்தா மாடு கண்ணு போட்டாச்சா'. ரெண்டு சுழி போட வேண்டிய இடத்துல மூணு சுழி, கன்னுக்குட்டி கண்ணாயிடுச்சு. திருத்த வேண்டாம்னு மகன்கிட்ட சொல்லிட்டேன், தசரா லீவுக்கு வரும்போது பார்த்துக்கலாம். மாடு இன்னும் கன்னு போடல. அதை நோட்டுல பெருசா எழுதி, நானும் போட்டோ பிடிச்சு அனுப்பியிருக்கேன்.